படகில் போனவர், கப்பலில் போனவர், லயத்தில் இருந்தவர்

“வியட்நாம்காரன் ஒரே சட்டையோடு படகில் ஏறிப் போனான், நாற்பது வருஷத்தில் கடை, வீடு, டாக்டர் பிள்ளை என்று ஆளாகிவிட்டான், நம்மாள் நூறு வருஷமாகத் தோட்டத்திலேயே கிடந்தான்.” மலேசியாவில் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சுங்கை சிப்புட் ஊரில் கல்யாண வீடோ கருமாதி வீடோ, நாலு பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் எழுந்திருப்பதில்லை. இப்போது வாட்ஸ்அப்பிலும் குரல் பதிவாகச் சுற்றுகிறது. இதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் லயத்து வீட்டில், அதாவது தொழிலாளிகளுக்குத் தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில், பிறந்தவர்கள். தங்கள் அப்பா அம்மாவைப் பற்றித்தான் இப்படிச் சொல்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. டவுனில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், வருமான வரி, பிஎஃப், சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதி என்று மற்றவர்களின் தாள்களோடுதான் நாள் முழுக்க இருப்பது. யார் எவ்வளவு உழைத்தார், அவர் கையில் கடைசியில் எவ்வளவு நின்றது என்பதைத் தாளில் பார்த்துப் பழகிப்போனவள். அதனால் இந்த வியட்நாம் கணக்கையும் ஒருமுறை முழுசாகப் போட்டுப் பார்க்க ஆசை. ஆனால் அதில் இன்னொரு கூட்டத்தையும் சேர்க்கப் போகிறேன், மால்டாக்காரர்களை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்துக்கு மேற்கே சன்ஷைன், செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம் வியட்நாம் குடும்பங்கள் போய் இறங்கியபோது, அங்கே ஏற்கனவே இருபது முப்பது வருஷமாக வேரூன்றி இருந்தவர்களில் மால்டாக்காரர்கள் முக்கியமானவர்கள். ஒரே தெரு, ஒரே தொழிற்சாலை வாசல். ஆனால் போன காலமும் போன விதமும் வேறு வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது யாரைத் தூக்கிவிட்டது என்று தெரியும்.

என் பெரியம்மா மகள் அந்த செயின்ட் ஆல்பன்ஸில்தான் இருக்கிறாள், நர்ஸ் வேலை. அக்கா வீட்டுக்கு ஒரு பக்கம் மால்டாப் பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும், இன்னொரு பக்கம் வியட்நாம் குடும்பம். நான் அங்கே போய்த் தங்கியிருந்தபோது கேட்டதும் பார்த்ததும், பிறகு தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இது.

முதலில் மால்டா. நடுநிலக் கடலில் இத்தாலிக்குத் தெற்கே சின்னஞ்சிறு தீவுகள், எல்லாம் சேர்த்தே 316 சதுர கிலோமீட்டர்தான். நம்மைப் போலவே பிரிட்டிஷ்காரன் ஆட்சி, 1964 வரைக்கும். ஊரின் பிழைப்பு பெரும்பாலும் பிரிட்டிஷ் கடற்படையையும் அதன் கப்பல் பட்டறையையும் நம்பியே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு மழையில் நொறுங்கி, போர் முடிந்ததும் பட்டறையில் ஆள் குறைக்க ஆரம்பித்தபோது, இருக்கிற மூன்று லட்சம் பேருக்கும் அங்கே வேலை இல்லை. 1948-இல் ஆஸ்திரேலியாவோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், கப்பல் செலவில் பெரும்பகுதியை அரசாங்கங்களே ஏற்றுக்கொள்வது என்று. 1954-ஆம் ஆண்டில் மட்டும் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள், பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவுக்கு. மூன்று லட்சத்தில் ஒரே வருஷத்தில் இத்தனை பேர் என்றால், எந்தத் தெருவிலும் இரண்டு மூன்று வீடாவது பூட்டியிருக்கும்.

அவர்களை ஆஸ்திரேலியா ஆரத்தி எடுத்து வரவேற்றதாக நினைக்க வேண்டாம். 1916-இல் 214 மால்டாக்காரர்கள் ஒரு பிரெஞ்சுக் கப்பலில் வந்து சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் குடிமக்கள், கத்தோலிக்கர்கள், ஐரோப்பியர்கள். அப்படியும் அவர்களைத் தடுக்க டச்சு மொழியில் சொல்வதெழுதும் தேர்வு வைத்தார்கள். ஒருவருக்கும் டச்சு தெரியாது, எல்லாரையும் தேறவில்லை என்று சொல்லிக் கரையிறங்க விடவில்லை, கப்பல் அவர்களை நியூ கலிடோனியாவுக்குக் கொண்டு போனது. தோல் கொஞ்சம் கறுத்திருந்தாலும் சந்தேகம், குறைந்த கூலிக்கு வேலை செய்துவிடுவான் என்ற பயம். 1948-இல் கதவு திறந்ததற்குக் காரணம் அன்பு இல்லை, ஆள் பற்றாக்குறை.

சரி, வந்தவர்களுக்கு என்ன படிப்பு? பெரும்பாலோருக்கு ஆரம்பப் பள்ளிதான். பண்ணை வேலை, பட்டறை வேலை, மூட்டை தூக்குவது, இதுதான் தெரியும். அக்காவின் பக்கத்து வீட்டுப் பெரியவரும் அப்படித்தான், பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவர். அவர் என்னைத் தன் வீட்டுக் கொல்லைக்குக் கூட்டிப்போய் ஒரு கொட்டகையைக் காட்டினார். தாழ்வான தகரக் கூரை, உள்ளே போனால் நான் கையை உயர்த்தினால் தொட்டுவிடலாம், ஒரே அறையைப் பலகை வைத்து இரண்டாகத் தடுத்திருக்கிறது, ஒரு மூலையில் அடுப்பு இருந்த இடம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. இப்போது அதில் தக்காளி நாற்றுத் தொட்டிகள். கல்யாணமான புதிதில் இவர்கள் இரண்டு பேரும் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் இருந்தார்களாம். முன்னால் இருக்கிற பெரிய வீட்டை அவரும் மச்சான்மாரும் சனி ஞாயிறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. அந்தக் காலத்தில் செயின்ட் ஆல்பன்ஸில் மண் சாலை, கழிவுநீர்க் குழாய் கிடையாது, மழை பெய்தால் முழங்கால் சேறு. அதனால் நிலம் மலிவு. மாதத் தவணையில் ஒரு துண்டு வாங்கிக் கொட்டகை போட்டுக்கொண்டு, வாடகை கொடுக்காமல் மிச்சம் பிடித்து வீடு கட்டுவது அங்கே பலபேர் செய்த வழி. பெரியவர் நிலத்துக்குக் கட்டிய தவணை ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் இன்னும் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் அவர் பெயர்.

அந்தத் தவணையைக் கட்டுகிற அளவுக்குச் சம்பளம் எப்படி வந்தது? இங்கேதான் சன்ஷைன் ஊரின் கதையைச் சொல்லியாக வேண்டும், எங்கள் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும். அங்கே அறுவடை இயந்திரம் செய்கிற பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது, ஹெச். வி. மெக்கே என்பவருடையது. 1907-இல் நீதிபதி ஹிக்கின்ஸ் அந்தத் தொழிற்சாலை வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னார்: ஒரு சாதாரணத் தொழிலாளி, மனைவி பிள்ளைகளோடு சுமார் ஐந்து பேர் கொண்ட குடும்பத்தை மனிதராக நடத்த எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு, நாளுக்கு 7 ஷில்லிங் என்றார். முதலாளிக்குக் கட்டுப்படியாகுமா என்பதிலிருந்து கணக்கைத் தொடங்காமல், குடும்பத்துக்கு என்ன தேவை என்பதிலிருந்து தொடங்கினார். அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான சட்டம் அடுத்த வருஷமே உயர் நீதிமன்றத்தில் செல்லாது என்று ஆனது. ஆனால் அந்த அளவுகோல் நின்றுவிட்டது. பிறகு பல பத்தாண்டுகள் ஆஸ்திரேலியத் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளம் அதிலிருந்துதான் வளர்ந்தது. பெண்களை அதில் சரியாகச் சேர்க்கவில்லை, நம்மைப் போன்ற நிறத்தவர்களை நாட்டுக்குள்ளேயே விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மால்டாக்காரர் போய் வேலைக்கு நின்றபோது, “நீ மால்டாக்காரன், உனக்குப் பாதிச் சம்பளம்” என்று தொழிற்சாலையில் சொல்ல முடியாது. சட்டச் சம்பளம், சங்கம், ஓவர்டைம்.

அதே 1907-இல் மலாயாவில், அதாவது இன்றைய தீபகற்ப மலேசியாவில், என்ன நடந்துகொண்டிருந்தது? தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரும் செலவுக்காகத் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்து, பிறகு இந்தியக் குடியேற்ற நிதி என்று பெயர் பெற்ற ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆள் குறையாமல் வந்துகொண்டே இருந்தால் கூலி ஏறாது. ஒரு பக்கம் குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்று கணக்கு, இன்னொரு பக்கம் ஆள் மலிவாகக் கிடைக்க என்ன வேண்டும் என்று கணக்கு. இரண்டும் ஒரே பிரிட்டிஷ் கொடியின் கீழே. என்னைக் கேட்டால் பெரியவர்கள் பேசுகிற நாற்பது வருஷம், நூறு வருஷம் எல்லாம் இங்கேயே பிரிந்துவிட்டது.

இப்போது வியட்நாம்காரர்கள். இவர்கள் கதையில் நம் நாடும் இருக்கிறது. 1975 ஏப்ரல் 30-இல் தெற்கு வியட்நாமின் தலைநகரான சைகோன் கம்யூனிஸ்டுகள் கையில் விழுந்த பிறகு படகில் தப்பியவர்களில் பெருந்தொகையானவர்கள் கரை ஒதுங்கியது நம் கிழக்குக் கரையில்தான். திரெங்கானு கடலுக்குள்ளே பிடோங் தீவு, 1978 ஆகஸ்டில் முகாமாக்கினார்கள். நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கென்று போட்ட இடம், 1979 நடுவில் 40 ஆயிரத்துக்கும் மேல், மொத்தத் தீவே ஒரு சதுர கிலோமீட்டர். 1991-இல் மூடுகிற வரைக்கும் சுமார் இரண்டரை லட்சம் பேர் அதன் வழியாகப் போனார்கள் என்கிறார்கள். வந்த படகுகளில் பலவற்றைத் திரும்பக் கடலுக்கே இழுத்துவிட்டதும் நம் நாடுதான். செம்பிறைச் சங்கத்துக்காரர்கள் இரவு பகல் பார்க்காமல் முகாமில் வேலை செய்ததும் இதே நாட்டில்தான்.

ஆஸ்திரேலியாவுக்குப் படகிலேயே நேராகப் போய்ச் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. 1976 ஏப்ரலில் டார்வினுக்கு முதல் படகு போனபோது அதில் இருந்தது ஐந்து பேர், அதற்குப் பிறகும் மொத்தமே ஏறக்குறைய இரண்டாயிரம் பேர்தான். மற்றவர்கள் பிடோங் மாதிரி முகாம்களில் ஆஸ்திரேலிய அதிகாரிகள் வந்து பேசி, தேர்ந்தெடுத்து, விமானத்தில் ஏற்றிக் கூட்டிப்போனவர்கள். “படகில் போனான்” என்று நாம் சொல்வதில் இந்தப் பாதி விட்டுப்போகிறது. ஏறும்போதே அவர்கள் கையில் நிரந்தரமாக இருக்கலாம் என்ற தாள் இருந்தது. இறங்கியதும் அரசாங்க விடுதி, மெல்பர்னில் மேரிபிர்னாங், ஸ்ப்ரிங்வேல் பக்கம் இருந்தவை பெயர் பெற்றவை. இலவச ஆங்கில வகுப்பு, வேலை கிடைக்கும் வரைக்கும் உதவித்தொகை, இரண்டு மூன்று வருஷத்தில் குடியுரிமை கேட்கலாம். வெள்ளையர் அல்லாதவரைக் குடியேற விடாத வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையை 1973-இல்தான் முழுசாகக் கைவிட்டிருந்தார்கள், பத்து வருஷம் முன்னால் என்றால் இவர்களில் ஒருவருக்கும் இது கிடைத்திருக்காது.

ஆனாலும் அவர்கள் சுகமாக முன்னேறினார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். மால்டாக்காரர் போனபோது தொழிற்சாலைகள் ஆள் தேடின. வியட்நாம்காரர் போனபோது அதே தொழிற்சாலைகள் ஆள் குறைத்துக்கொண்டிருந்தன, இறக்குமதி வரியைக் குறைக்கக் குறைக்கத் துணி, செருப்பு, உலோக வேலை எல்லாம் போய்க்கொண்டிருந்தன. சன்ஷைன் அறுவடை இயந்திரத் தொழிற்சாலையும் 1980களில் மூடப்பட்டு இன்று அங்கே வணிக வளாகம் நிற்கிறது. 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரம் விழுந்தபோது வியட்நாமில் பிறந்தவர்களிடையே வேலையில்லாதோர் விகிதம் நாட்டுச் சராசரியைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல் இருந்தது. ஆண்களுக்கு வேலை போனதும் பெண்கள் வீட்டுக் கொட்டகையில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு, ஒரு சட்டைக்கு இவ்வளவு காசு என்று தைத்தார்கள். சட்டச் சம்பளம் அங்கே எட்டவில்லை.

அக்காவின் அடுத்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இப்போது அறுபது கடந்துவிட்டது. காரே நிறுத்தாத அந்தக் கார் கொட்டகையில் இரண்டு இயந்திரங்கள் இன்னும் இருக்கின்றன, மேலே துணி மூடி. வலது கைக் கட்டைவிரல் மடங்காது அவருக்கு. காலர், கஃப், பட்டன் பட்டை என்று ஒரு ரகம் வந்தால் இரவெல்லாம் அதே ஒரு தையல்தானாம், வண்டிக்காரன் காலையில் வந்து மூட்டையை எடுக்கும்போது நாலு சட்டையில் குறை சொல்லிக் காசைப் பிடித்துக்கொள்வான் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். மகள் பார்மசிஸ்ட். மகன் சன்ஷைனில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் சின்ன ஊர்களில்கூட ரொட்டிக் கடைக்குள் நுழைந்தால் மாவு பிசைவது வியட்நாம் குடும்பமாக இருப்பது சர்வசாதாரணம். விடியற்காலை இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டுகிற வேலை, வேறு யாரும் விரும்பாதது.

கடை போட முதல் எங்கே கிடைத்தது? வங்கி கொடுக்கவில்லை. ஹுய் பிடித்தார்கள், நாம் கூட்டு பிடிப்பது மாதிரியே, மாதா மாதம் எல்லாரும் போட்டு ஒருவர் எடுப்பது. நம் நாட்டில் கூட்டுக்கு 1971-இலேயே தடைச் சட்டம் வந்தது, அப்படியும் தோட்டத்துப் பெண்கள் அதை வைத்துத்தான் பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை, மகளுக்குத் தோடு என்று சமாளித்தார்கள். ஆகவே அவர்களுக்குச் சேமிக்கத் தெரியும், நமக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் அம்மா கூட்டு பிடித்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சிட்னியில் காப்ரமாட்டா என்ற இடம் 1990களில் ஹெராயினுக்கும் குண்டர் கும்பலுக்கும் பேர் போனது, அதில் வியட்நாம் பையன்கள் இருந்தார்கள். அப்போது ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் அந்தச் சமூகத்தைப் பற்றி என்னவெல்லாம் எழுதினவோ, அதைத்தான் இன்று நம் பையன்களைப் பற்றி இங்கே பேசுகிறார்கள். இப்போது காப்ரமாட்டாவுக்கு ஜனங்கள் சாப்பிடப் போகிறார்கள். 1977-இல் படகில் டார்வின் போய்ச் சேர்ந்த ஹியூ வான் லே என்பவர் 2014-இல் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் ஆளுநரானார்.

அப்படியானால் இன்று இரண்டு பேரில் யார் வசதி? 2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவில் வியட்நாமில் பிறந்தவர்கள் சுமார் 2 லட்சத்து 58 ஆயிரம் பேர், மால்டாவில் பிறந்தவர்கள் சுமார் 35 ஆயிரம் பேர். வார வருமானத்தை மட்டும் பார்த்தால் இரண்டு கூட்டமும் நாட்டுச் சராசரிக்குக் கீழேதான் நிற்கும், ஆனால் காரணம் வேறு. மால்டாக்காரர்களில் பெரும்பாலோருக்கு எழுபது வயது, ஓய்வூதியம்தான் வருமானம், வீடோ கடன் முடிந்த சொந்த வீடு. வியட்நாம்காரர்களில் முதல் தலைமுறைக்கு ஆங்கிலம் வரவில்லை, கிடைத்தது அடிமட்ட வேலை. அவர்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு ஏறிப்போனார்கள். மால்டாக்காரர் பிள்ளைகள் அந்த அளவுக்குப் பல்கலைக்கழகம் போகவில்லை, பலர் அப்பாவைப் போல் சீக்கிரமே பள்ளியை விட்டு மின்சார வேலை, குழாய் வேலை, கட்டட வேலை என்று கைத்தொழில் கற்றார்கள், அதில் நல்ல சம்பளம். அப்பா முழங்கால் சேற்றில் வாங்கிய நிலத்துக்கு இன்று மெல்பர்னில் என்ன விலை என்று சொல்ல வேண்டியதில்லை.

இதை யோசித்துப் பாருங்கள். “படிப்புதான் எல்லாம்” என்றால், அதிகம் படிக்காத மால்டாக்காரர் எப்படிக் கரையேறினார்? “வியாபாரம் தெரிந்தவன் பிழைப்பான்” என்றால், வியாபாரமே செய்யாத தொழிற்சாலைத் தொழிலாளிக்கு எப்படி வீடு வந்தது? ஒரு கூட்டம் படிப்பால் ஏறியது, இன்னொன்று கைத்தொழிலாலும் நிலத்தாலும் ஏறியது. குணம் வேறு, மதம் வேறு, காலம் வேறு. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது மூன்றுதான்: யாரும் வெளியே தள்ள முடியாத குடியிருப்பு உரிமை, தொழிற்சாலையிலாவது சட்டம் நிர்ணயித்த சம்பளம், வேலை போனாலும் தன்னோடு நிற்கிற சொந்த வீடு.

இந்த மூன்றையும் வைத்து நம் தோட்டத்தைப் பாருங்கள். ஒன்றும் இல்லை.

என் அம்மா பால்மரம் வெட்டினவர், ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பாலெடுக்கிற வேலை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, பேர் கொடுத்து, தனக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரையைப் பிடித்து ஐந்நூறு மரத்துக்கு மேல் வெட்டிப் பாலெடுத்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை. அவருடைய சம்பளச் சீட்டுகள் சிலவற்றை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். கீழே பிடித்தம் வரிசையாக இருக்கும், முன்பணம், சங்கச் சந்தா, கோயில் வரி, பிஎஃப். மழை மாதம் ஒன்றில் கைக்கு வந்த தொகையைப் பார்த்தால் அரிசிக்கும் பாலுக்கும் போதாது. இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013-இல், தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்). சன்ஷைன் தீர்ப்புக்கு 106 வருஷம் பிறகு. 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. அம்மா அதற்குள் வேலையை விட்டிருந்தார்.

சம்பளத்தைவிடக் கொடுமை வீடு. லயத்து வீடு தோட்டத்தின் சொத்து. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்கிற வரைக்கும்தான் அதில் இருக்கலாம். அப்பாவுக்கு 55 வயதாகிவிட்டது, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால், பிள்ளைகளில் ஒன்று பேர் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் சாமானோடு வெளியே போக வேண்டும். எங்கள் வரிசையில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் அப்படித்தான் மூன்றாம் பாரத்தோடு, இடைநிலைப் பள்ளியின் மூன்றாம் வருஷத்தோடு, நின்றார். தம்பி தங்கைகளுக்குக் கூரை வேண்டுமே. இதைப் பார்த்துவிட்டு “நம்மவர்கள் பிள்ளைகளைப் படிக்கவிடவில்லை” என்று சொன்னால் அது அநியாயம். மால்டாக்காரர் மகன் பள்ளியை விட்டான், அப்பா வீடு இருந்தது. நம் அண்ணன் பள்ளியை விட்டார், அப்பாவுக்கு வீடு இருப்பதற்காக.

குடியுரிமைக்கும் வருவோம். 1969-இல் இங்கே நடந்த இனக் கலவரத்துக்குப் பிறகு குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்று கறாராக்கியதும், சுமார் 60 ஆயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பிப் போனதாகச் சொல்வார்கள். இங்கேயே பிறந்து, பேர் பதியாமல், தாள் இல்லாமல் நின்றவர்களும் இருந்தார்கள். இன்றும் என் மேசைக்குச் சிவப்பு ஐசியோடு, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுக்கிற அடையாள அட்டையோடு, வருகிற பாட்டிகள் உண்டு, இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான்.

சொந்தமாக்கிக்கொள்ள நம்மவர்கள் முயலவில்லையா? முயன்றார்கள். 1950களில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, எங்கள் ஊர்க்காரரும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவருமான துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று தொழிலாளிகளிடம் பேசினார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது, அடுத்த வருஷமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அன்றைய வெட்டுச் சம்பளத்தில் மாதம் 10 வெள்ளி என்பது சின்னக் காசு இல்லை. சேமிக்கத் தெரியாத ஜனங்களா அதைக் கட்டினார்கள்? ஆனால் விற்கப்பட்ட தோட்டம் எத்தனை, ஒரு கூட்டுறவுச் சங்கத்தால் வாங்க முடிந்தது எத்தனை.

பிறகு 1980, 90களில் செம்பனை, வீடமைப்பு, கோல்ஃப் திடல் என்று தோட்டங்கள் மாறியபோது வெளியேறியவர்கள் மூன்று லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படுகிற கணக்கு. கையில் என்ன கொடுத்தார்கள்? 1980-ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். நாள் சம்பளம் 15 வெள்ளி என்று வைத்துக்கொண்டு, முப்பது வருஷம் வெட்டினவருக்குப் போட்டுப் பாருங்கள், 9,000 வெள்ளி. வேலையும் போய், வீடும் போய், பிள்ளைகளின் பள்ளியும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையும் கோயிலும் ஒரே நாளில் போய், கையில் 9,000 வெள்ளி. அதை வைத்துக்கொண்டு டவுன் ஓரத்தில் புறம்போக்கில் பலகை வீடு, பிறகு அடுக்குமாடி வாடகை வீடு. செயின்ட் ஆல்பன்ஸ் பெரியவருக்குத் தொழிற்சாலை மூடியபோது வேலை மட்டும்தான் போனது.

நான் சொல்வதற்குச் சாட்சி வேண்டுமென்றால் ஆஸ்திரேலியா வரைக்கும் போக வேண்டாம். 2000களில் இதே வியட்நாமிலிருந்து மலேசியாவுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வந்தார்கள், மின்னணுத் தொழிற்சாலை, துணித் தொழிற்சாலை, மரச்சாமான் தொழிற்சாலை எல்லாவற்றிலும் இருந்தார்கள். அதே ஜனங்கள், அதே சுறுசுறுப்பு. ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குப் போக வேண்டும், குடும்பத்தைக் கொண்டுவரக் கூடாது, இங்கே கல்யாணம் செய்யக் கூடாது, முதலாளி மாற முடியாது. அவர்களில் எத்தனை பேருக்கு இங்கே ரொட்டிக் கடை இருக்கிறது? எத்தனை பேர் மகள் இங்கே பார்மசிஸ்ட் ஆனாள்? மெல்பர்னில் ஏறிய வியட்நாம்காரர் மலேசியாவில் ஏறவில்லை, ஏற வழியே வைக்கவில்லை. இன்று நம் பழைய லயங்களில் இருக்கிற வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளிகளுக்கும் அதே நிலைமைதான். அவர்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம் நான் சொல்வது, அது நம் பாட்டனார் நின்ற இடம்.

ஆகவே மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். வியட்நாம்காரரை மெச்சுங்கள், தையல் தைத்துத் தேய்ந்த அந்த அம்மாவின் கைக்கு எந்தப் பாராட்டும் தகும். ஆனால் அந்த வாயால் உங்கள் அப்பாவைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். அவரிடம் உழைப்பு குறையவில்லை. அவர் பெயரில் ஒரு கிராண்ட் (நிலப் பத்திரம்) இல்லை.

இப்போதும் எங்கள் பக்கம் தோட்டம் கைமாறி, லயத்தில் இன்னும் குடியிருக்கிற குடும்பங்கள் உண்டு. கடிதம் வந்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். வேலை செய்த வருஷம் சரியாக எழுதியிருக்கிறதா, தினச் சம்பளத்தைக் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரியில் போட்டிருக்கிறார்களா, வீட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, மூன்றையும் பாருங்கள். புது முதலாளி அதே நிபந்தனையில் வேலை தராவிட்டால் பழைய முதலாளி நிறுத்தத் தொகை தர வேண்டும், வேலை முடிந்த ஏழு நாளுக்குள். தராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், அதற்கு வக்கீல் தேவையில்லை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நான் அலுவலகத்தில்தான் இருப்பேன், பாரம் நிரப்பித் தருவதற்குக் காசு வாங்க மாட்டேன். வரும்போது பழைய சம்பளச் சீட்டு, பிஎஃப் கணக்கு, தோட்டத்துக் கடிதம் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.